கீபோர்டு சுவிட்சுகள்: உள்ளே என்ன நடக்கிறது, எது எதனால் கெடுகிறது

கீபோர்டில் சுவிட்ச் என்று எதைச் சொல்கிறோம்?

எழுத்துப் பொறித்த மூடிக்கு கீகேப் என்று பெயர். அதைக் கழற்றினால் கீழே இருப்பது சுவிட்ச். அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. விசை அழுந்திவிட்டது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். விரலுக்கும் சொல்ல வேண்டும். கணினிக்கான தகவல் மின்தொடர்பு, ஒளி, காந்தம் என ஏதாவது ஒரு வழியில் போகிறது. விரலுக்கான தகவல் எதிர்ப்பாக, தடுக்கலாக, சத்தமாக வருகிறது. இந்த இரண்டும் ஒரே கணத்தில் நடக்கின்றனவா, தனித்தனியே நடக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சுவிட்சின் குணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். நிறமும் பிராண்டும் அதற்குப் பிறகுதான்.

அலுவலகங்களில் இருக்கும் சாதாரண கீபோர்டு எந்த வகை?

மெம்பரேன் வகை. மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ் தாளிலும் மின்கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில், ஒவ்வொரு விசைக்கும் நேராக ஓட்டை இருக்கும். அதற்கு மேலே சிறு கிண்ணம் போன்ற ரப்பர் குவிமாடம். விசையை அழுத்தினால் குவிமாடம் மடிந்து, அதன் நடுமுனை மேல் தாளை ஓட்டை வழியாகக் கீழ் தாளில் அழுத்துகிறது. சுற்று மூடுகிறது.

விரலுக்குத் தெரியும் தடுக்கல், குவிமாடம் மடியும் இடத்தில். எழுத்து பதிவாவது ஏறக்குறைய அடிமட்டத்தில். அதனால் ஒவ்வொரு விசையையும் முழுக்க அடித்தட்ட, அதாவது அடிமட்டம்வரை அழுத்த, வேண்டியிருக்கிறது. நாள்பட ரப்பர் தளர்ந்தால் தடுக்கல் மங்கும். விசை சேற்றில் அழுந்துவதுபோல் ஆகும். குவிமாடத் தாளை மாற்றலாம். ஆனால் அந்தத் தாள் தனியாகக் கிடைப்பது அரிது.

பல விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று மட்டும் வேலை செய்யாதது ஏன்?

விசைகள் குறுக்கு நெடுக்கான கம்பிக் கட்டத்தில் இணைந்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை அழுத்தினால், மின்சாரம் சுற்றி வந்து நான்காவது மூலையும் அழுந்தியதாகக் காட்டும். அந்தத் தவறைத் தவிர்க்க, மலிவான மெம்பரேன் கீபோர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு மூன்றாவது விசையையே புறக்கணித்துவிடும். பெரும்பாலான மெக்கானிக்கல் கீபோர்டுகளில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம், வைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. சொந்தமாகப் போர்டு கட்டுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1என்4148 என்ற டையோடு.

லேப்டாப் விசைகளும் அதே மெம்பரேன்தானா?

அடியில் அதே தாள்கள்தான். மேலே எக்ஸ் வடிவில் குறுக்கிட்ட இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் கீகேப்பைத் தாங்குகின்றன. ஓரத்தில் அழுத்தினாலும் விசை சாயாமல் நேராக இறங்குவது அவற்றால்தான். இதைக் கத்தரி வகை என்பார்கள். பயணத்தூரம் பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ.க்குள். கீகேப்பைக் கழற்றும்போது கெடுவது இந்தச் சட்டங்களின் நுனி ஊசிகள். எந்தப் பக்கம் கொக்கி, எந்தப் பக்கம் சறுக்குப் பள்ளம் என்று அந்த மாடலுக்குப் பார்த்துக்கொண்டே நெம்ப வேண்டும்.

ஆப்பிள் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் கொண்டுவந்த பட்டாம்பூச்சி அமைப்பு இதைவிட மெல்லியது. விசை இறங்கும் தூரமே மிகக் குறைவு என்பதால், ஒரு சிறு துகள் உள்ளே போனாலும் விசை சிக்கியது, அல்லது இரண்டு முறை பதிவானது. 2018-இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. 2019-இல் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் கத்தரி அமைப்புக்கே திரும்பியது. பயணத்தூரம் குறையக் குறையத் தூசுக்கு இடம்கொடுக்கும் தாராளமும் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மெக்கானிக்கல் சுவிட்சின் உள்ளே என்னென்ன இருக்கின்றன?

இன்று பரவலாக இருப்பது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவம். அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெய்ல், அவுட்டெமு, டிடிசி போன்ற சீன நிறுவனங்களும் அதே அளவில் செய்யத் தொடங்கின. ஐந்தே வகைப் பாகங்கள்: மேல் கூடு, கீழ்க் கூடு, கூட்டல்குறி வடிவத் தலையுள்ள தண்டு, ஸ்பிரிங், செப்புக் கலவைத் தகடுகள் இரண்டு. தகடுகளில் ஒன்று அசையாது. மற்றது வளையும்.

வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். விசை மேலே இருக்கும்போது தண்டின் பக்கவாட்டில் உள்ள இரண்டு கால்கள், வளையும் தகட்டைத் தள்ளி விலக்கி வைத்திருக்கின்றன. தண்டு இறங்கும்போது கால்களின் சரிவு விலகுகிறது. தகடு தன் சொந்த விறைப்பால் எதிர்த் தகட்டில் வந்து ஒட்டுகிறது. விரல் தகட்டை அழுத்துவதே இல்லை. நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தாலும் தொடர்பின் அழுத்தம் ஒன்றேதான். மெக்கானிக்கல் சுவிட்சின் நீண்ட ஆயுளுக்கு முக்கியக் காரணம் இது.

மரபான எம்எக்ஸ் அளவில் முழுப் பயணம் 4 மி.மீ. எழுத்து பதிவாவது ஏறத்தாழ 2 மி.மீ. ஆழத்தில். அடித்தட்டாமலே தட்டச்சு செய்ய முடிவது அதனால்தான்.

லீனியர், டாக்டைல், கிளிக்கி: இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்றிலும் மின்தொடர்பு ஒரே மாதிரிதான். விரலுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான் மாறுகின்றன.

லீனியரில் தண்டின் கால்கள் வழுவழுப்பான நேர்ச்சரிவு. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும் சீராக ஏறும். பதிவான இடம் விரலுக்குத் தெரியாது.

டாக்டைலில் அந்தக் கால்களில் ஒரு மேடு இருக்கும். வளையும் தகடு அந்த மேட்டைத் தாண்டும்போது விரலில் ஒரு தடுக்கல். மேடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு உயரம் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். செர்ரி பிரவுனில் மேடு சிறியது. தேய்ந்த லீனியர்போல இருக்கிறது என்று பலர் குறைப்படுவது அதனால்தான்; அந்தக் குறை நியாயமானதே. தடுக்கல் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் பிரவுன் என்ற பெயரை விட்டுவிட்டு, மேடு பயணத்தின் தொடக்கத்திலேயே வரும் வகைகளைத் தேடுங்கள்.

கிளிக்கியில் இரண்டு வழிகள் உண்டு. செர்ரி புளூவில் தண்டு இரண்டு துண்டு. நீலத் தண்டின்மேல் ஒரு வெள்ளை வளையம் தளர்வாக நிற்கும். மேட்டைத் தாண்டியதும் அந்த வளையம் கீழே பாய்ந்து அடியில் மோதும், அதுதான் கிளிக். கெய்ல் பாக்ஸ் ஒயிட் போன்றவற்றில் மெல்லிய வளைகம்பி ஒன்று தனியாக இருக்கும். தண்டு அதை நெம்பிவிட்டுத் தாண்டும்போது கம்பி துள்ளி ஒலி எழுப்பும். கம்பி முறையின் ஒலி கூர்மையானது. திரும்பி வரும்போதும் கேட்கும்.

வளைய முறையில் ஒரு குறையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விசை பதிவாகும் இடமும், விடுபட்டதாகக் கணக்காகும் இடமும் ஒன்றல்ல. எல்லா சுவிட்சிலும் சிறு இடைவெளி உண்டு. புளூவில் அது பெரியது. பாதி ஏற்றிவிட்டு மறுபடி அழுத்தினால் கிளிக் கேட்காமலோ எழுத்து விழாமலோ போகும். ஒரே விசையை வேகமாக இரண்டு முறை தட்டும் வேலைக்கு இது தடையாகிறது.

ரெட், புளூ, பிரவுன் என்று நிறத்தைப் பார்த்து வாங்கலாமா?

செர்ரிக்கு மட்டும் அந்த நிறங்கள் நிலையான பொருள் கொண்டவை. ரெட் 45 சென்டிநியூட்டன் (ஏறத்தாழ 45 கிராம்) எடையில், 2 மி.மீ. ஆழத்தில் பதிவாகும் லீனியர். பிளாக் அதே ஆழம், 60 சென்டிநியூட்டன். பிரவுன் 55, டாக்டைல். புளூ 60, பதிவு 2.2 மி.மீ., கிளிக்கி. ஸ்பீடு சில்வர் 45, பதிவு 1.2 மி.மீ., முழுப் பயணம் 3.4. சைலண்ட் ரெட்டில் தண்டின் மேலும் கீழும் ரப்பர் மெத்தை இருப்பதால் முழுப் பயணம் 3.7 மி.மீ.

மற்ற நிறுவனங்கள் ரெட், புளூ, பிரவுன் மூன்றையும் பெரும்பாலும் அதே வரிசையில் வைத்தாலும் எடையும் உணர்வும் வேறு. மற்ற நிறங்களுக்குப் பொது விதி எதுவும் இல்லை. விவரக்குறிப்பில் நான்கு எண்களைத் தேடுங்கள்: பதிவாகும் எடை, அடித்தட்டும் எடை, பதிவாகும் ஆழம், முழுப் பயணம். டாக்டைல் என்றால் மேட்டின் உச்ச எடையும் வேண்டும்.

45 கிராம் என்று போட்டிருக்கிறது. அது எந்த இடத்து எடை?

பெரும்பாலும் எழுத்து பதிவாகும் இடத்தில். ஒரு சென்டிநியூட்டன் ஏறத்தாழ ஒரு கிராம் எடைதான். ஸ்பிரிங் அழுந்த அழுந்த எதிர்ப்பு ஏறும். செர்ரி ரெட் சுமார் 30-இல் தொடங்கி, 2 மி.மீ.யில் 45, 4 மி.மீ.யில் சுமார் 60. சில கடைகள் அடித்தட்டும் எடையையே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஒரு கடையின் 62-ஐ இன்னொரு கடையின் 45-உடன் ஒப்பிட்டு ஏமாறுவது இப்படித்தான். விசைமேல் விரலை ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் தொடக்க எடை முக்கியம். மிக இலேசான ஸ்பிரிங்கில் தொட்டாலே எழுத்து விழும்.

பாக்ஸ் சுவிட்ச் என்பது?

கெய்ல் நிறுவனத்தின் வடிவம். தண்டைச் சுற்றிச் சதுரச் சுவர் இருக்கும். மின்தொடர்பு தனி அறைக்குள் மறைந்திருக்கும். தூசும் தெறிக்கும் நீரும் தொடர்பை எட்டுவது கடினம். தூசு, நீர் தடுப்புக்கான ஐபி56 தரம் என்று அறிவித்திருக்கிறார்கள். தண்டின் ஆட்டமும் குறைவு. கடற்காற்று, தூசு, மின்விசிறி எந்நேரமும் ஓடும் அறை என்றால் கிளிக்கி வாங்குபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

பழைய ஐபிஎம் கீபோர்டுகளை இன்னும் தேடி வாங்குகிறார்களே, அதில் என்ன சிறப்பு?

பக்லிங் ஸ்பிரிங் என்ற அமைப்பு. ஸ்பிரிங்கின் அடியில் ஒரு சிறு தள்ளுதகடு. ஸ்பிரிங் ஓர் எல்லைவரை அழுந்தி, திடீரென்று நடுவில் பக்கவாட்டாக மடிகிறது. அந்த மடிப்பே தள்ளுதகட்டைத் தட்டிச் சாய்க்கிறது. அந்தத் தட்டலே எழுத்தைப் பதிக்கிறது. அந்த மடிப்பே சத்தம், அதுவே விரலுக்குத் தெரியும் விடுபடல். கணினிக்கும் விரலுக்கும் ஒரே நிகழ்வு செய்தி சொல்கிறது. எம்எக்ஸ் புளூவில் கிளிக் கேட்டுவிட்டால் எழுத்து பதிவாகிவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது, இதில் சொல்லலாம்.

1981-இல் ஐபிஎம் பிசியுடன் வந்த மாடல் எஃப், மின்தேக்கத்தின் மாற்றத்தை அளக்கும் போர்டு கொண்டது. 1980களின் நடுவில் வந்த மாடல் எம் செலவைக் குறைக்க அடியில் மெம்பரேன் தாளை வைத்தது. மாடல் எம்மின் பலவீனம் சுவிட்ச் இல்லை. தாள்களையும் இரும்புத் தகட்டையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணித்தலைகள். அவை முறிந்தால் சில பகுதிகளில் உணர்வு மந்தமாகும். துளையிட்டுச் சிறிய திருகும் நட்டும் போட்டு இறுக்குவதே தீர்வு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் யூனிகாம்ப் நிறுவனம் இதே வடிவத்தைப் புதிதாகவும் செய்து விற்கிறது.

டோப்ரே சுவிட்ச் ரப்பர்தானே? அதற்கு ஏன் அவ்வளவு விலை?

ரப்பர்தான். ஆனால் மின்தொடர்பு இல்லை. ரப்பர் குவிமாடத்தின் அடியில் கூம்பு வடிவ மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். அது அழுந்த அழுந்த, போர்டில் உள்ள தகட்டுக்கும் அதற்கும் இடையே மின்தேக்கம் மாறுகிறது. சில்லு அதை அளந்து அழுத்தத்தை அறிகிறது. எடையைத் தருவது பெரும்பாலும் ரப்பரே. உலோகம் உலோகத்தில் உரசுவதில்லை. தடுக்கல் பயணத்தின் உச்சியிலேயே, உருண்டையாக, கரடுமுரடின்றி வரும். ஜப்பானின் ரியல்ஃபோர்ஸ், ஹேப்பி ஹேக்கிங் புரொஃபஷனல் வரிசைகளில் இது இருக்கிறது. குறை என்றால், தனி ஒரு சுவிட்சை மாற்ற வழியில்லை. எல்லாம் ஒரே தட்டில் திருகியிருக்கும்.

ஆப்டிகல் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

போர்டில் அகச்சிவப்பு எல்இடி ஒரு பக்கம், ஒளி உணரி மறுபக்கம். தண்டு இறங்கும்போது ஒளியை மறைக்கிறது, அல்லது மறைத்திருந்ததைத் திறந்துவிடுகிறது. சுவிட்சுக்குள் மின்பாகமே இல்லை. தொடர்பு துள்ளும் பிரச்சினை இல்லாததால் காத்திருப்பு நேரமும் வேண்டாம். தகடு தேயாது. ஆனால் இனிப்புத் திரவம் சிந்தி உணரியின்மேல் படலம் காய்ந்தால் விசை இறந்ததுபோலாகும். சுவிட்சைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு நிறுவனத்தின் ஆப்டிகல் சுவிட்ச் இன்னொன்றின் போர்டில் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

ஹால் எஃபெக்ட், மேக்னடிக் என்று விற்கிறார்களே, அது என்ன? ராபிட் டிரிகர் என்றால்?

தண்டின் அடியில் சிறு காந்தம். போர்டில் காந்தப்புலத்தை அளக்கும் உணரி. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு இது. 1960களின் இறுதியிலேயே ஹனிவெல் நிறுவனம் இதை வைத்துக் கீபோர்டு செய்தது. இப்போது இதைப் பரவலாக்கியவர்களில் நெதர்லாந்தின் வூட்டிங் முக்கியமானது.

வழக்கமான சுவிட்சுகள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். இது விசை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் பதிவாகும் ஆழத்தை மென்பொருளில் 0.1 மி.மீ. படிகளில் மாற்றலாம். ராபிட் டிரிகர் அதன் அடுத்த கட்டம். வழக்கமான சுவிட்சில் விசை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டி ஏறினால்தான் விடுபட்டதாகக் கணக்கு. ராபிட் டிரிகரில் அந்த உயரம் கிடையாது. விசை எங்கிருந்தாலும், திசை மாறி 0.2 மி.மீ. ஏறினால் விடுபட்டது, அதே அளவு இறங்கினால் மறுபடி பதிவு. சுடும் விளையாட்டுகளில் ஓடும் பாத்திரத்தைச் சட்டென்று நிறுத்த இது உதவுகிறது.

தவறு நடப்பது அமைப்பில். உணர்திறனை 0.1-இல் வைத்தால் விசைமேல் ஓய்ந்திருக்கும் விரலின் நடுக்கமே எழுத்தாகும். விளையாட்டுக்கு 0.2 முதல் 0.4 வரை தொடங்கிப் பாருங்கள். தட்டச்சுக்குத் தனிச் சுயவிவரம் வைத்து, ராபிட் டிரிகரை அணைத்து, ஆழத்தை 1.5 முதல் 2 மி.மீ. ஆக்குங்கள். சுவிட்சை மாற்றினால் கண்டிப்பாக அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த விசை பாதி ஆழத்தையே முழு ஆழமாக எண்ணும். காந்த மூடியுள்ள கைப்பேசி, ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கீபோர்டின் அருகில் வைக்காதீர்கள். உணரிகள் எப்போதும் மின்சாரம் எடுப்பதால் வயர்லெஸ் மாடல்களில் பேட்டரி வேகமாக இறங்கும். டிஎம்ஆர் என்ற புதுவகைக் காந்த உணரி இதைக் குறைக்கவே வந்தது.

இன்னொன்று: எதிரெதிர்த் திசை விசைகளில் கடைசியாக அழுத்தியதை மட்டும் கணக்கில் எடுக்கும் ஸ்னாப் டாப் போன்ற வசதிகளை, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடைசெய்தது. ராபிட் டிரிகர் அந்தத் தடையில் இல்லை.

ஒருமுறை தட்டினால் எழுத்து இரண்டாக விழுகிறது. ஏன்?

இரண்டு தகடுகள் சேரும்போது ஒரேயடியாக ஒட்டுவதில்லை. சில மில்லி நொடிகள் துள்ளி, விட்டு விட்டுத் தொடுகின்றன. அதைப் பல அழுத்தங்களாக எண்ணாமல் இருக்க, கீபோர்டின் மென்பொருள் சிறிது நேரம் காத்திருந்து, நிலை மாறாமல் இருந்தால் மட்டுமே ஏற்கும். கியூஎம்கே என்ற கீபோர்டு மென்பொருளில் இயல்பான காத்திருப்பு 5 மில்லி நொடி. தகட்டில் தூசு, எண்ணெய், ஆக்சைடு சேர்ந்தாலோ தகட்டின் விறைப்பு தளர்ந்தாலோ துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டுகிறது. எழுத்து இரட்டிக்கிறது. சாட்டர் என்று சொல்வது இதைத்தான்.

தமிழில் இதன் விளைவு ஆங்கிலத்தைவிட மோசம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ட விசை துள்ளினால் 'படம்' 'பட்டம்' ஆகும். ல துள்ளினால் 'பலி' 'பல்லி' ஆகும். ன துள்ளினால் 'கனி' 'கன்னி'. எல்லாம் சரியான சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி கண்டுபிடிக்காது. அச்சுக்குப் போகும் பக்கங்களைத் தட்டச்சு செய்பவர்கள் சாட்டரை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் கீபோர்டின் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த விசையை 100 முறை வேகமாக அழுத்துங்கள். நாள்பட்ட ஆக்சைடு உரசலில் போகலாம். பிறகு தொடர்புகளுக்கான சுத்திகரிப்புத் தெளிப்பான், டிஆக்ஸிட் போன்றது, அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு. விசையை அழுத்தியபடி விட்டு, மறுபடி பலமுறை அழுத்தி, முழுக்க உலர்ந்தபின் இணையுங்கள். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். அது விடும் எண்ணெய்ப் படலம் தூசைப் பிடித்துவைக்கும். இதற்கும் அடங்காவிட்டால் சுவிட்சை மாற்றுவதே வழி. அதுவரை காத்திருப்பு நேரத்தை மென்பொருளில் 10 முதல் 15 மில்லி நொடிவரை உயர்த்தலாம். வேண்டுமென்றே இரட்டைத் தட்டு தட்டும்போது இடைவெளி அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் 'க்க', 'த்த' விடுபடாது.

கோளாறு சுவிட்சிலா, போர்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹாட்-ஸ்வாப் போர்டு, அதாவது சால்டர் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய போர்டு, என்றால் எளிது. கெட்ட விசையின் சுவிட்சையும் நன்றாக வேலை செய்யும் ஒரு விசையின் சுவிட்சையும் இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு போனால் சுவிட்ச் கெட்டது. அதே இடத்தில் நின்றால் சாக்கெட், டையோடு, தடம் மூன்றில் ஒன்று. அப்போது சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு துளைகளையும் ஒரு சாமணத்தால் இணைத்துப் பாருங்கள். எழுத்து விழுந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. ஒரு வரிசை முழுக்க அல்லது ஒரு நிரல் முழுக்கச் செத்திருந்தால் சுவிட்சுகளைத் தொடவே வேண்டாம். தடம் அறுந்திருக்கும் அல்லது சில்லின் கால் விட்டிருக்கும்.

ஹாட்-ஸ்வாப் போர்டில் சுவிட்சை எப்படி மாற்றுவது?

யூஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். கம்பி இழுவானால் கீகேப்பை எடுங்கள். சுவிட்ச் இழுவானின் பற்களைச் சுவிட்சின் மேல்பக்க, கீழ்ப்பக்கக் கொக்கிகளில் பொருத்தி, உள்நோக்கி அழுத்தி நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் சுவிட்சுகளைத் தாங்கும் தகட்டில் கீறல் விழும்.

புதிய சுவிட்சின் இரண்டு உலோக ஊசிகளும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புது சுவிட்ச் வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு முதல் காரணம் மடங்கிய ஊசிதான். துளைகளுக்கு நேராக வைத்து, முடிந்தால் பின்பக்கம் சாக்கெட்டை விரலால் தாங்கியபடி, நேராக அழுத்துங்கள். தாங்காமல் பலமாக அழுத்தினால் சாக்கெட் சால்டரோடு பெயர்ந்து வரும். சாக்கெட்டுகள் பொதுவாக 100 முறை மாற்றுவதற்கே மதிப்பிடப்பட்டவை.

ஐந்து ஊசிச் சுவிட்சை மூன்று துளைப் போர்டில் போட, பக்கவாட்டிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் சமமாக வெட்டலாம். குறைந்த விலைப் போர்டுகள் சிலவற்றில் அவுட்டெமுவின் மெல்லிய ஊசிகளுக்கு மட்டுமான துளைகள் இருக்கும். செர்ரி, கேட்டரான் ஊசி அதில் நுழையாது. திணிக்காதீர்கள்.

சால்டர் செய்த போர்டு என்றால்?

இரண்டு ஊசிகளையும் உருக்கி எடுக்க வேண்டும். சால்டரிங் இரும்பை 320 முதல் 350 டிகிரி செல்சியஸில் வைத்து, பழைய சால்டர்மேல் முதலில் கொஞ்சம் புதிய 60/40 ஈயச் சால்டரைச் சேருங்கள். அப்போதுதான் முழுதாக உருகும். உறிஞ்சு குழாயால் இழுத்தபின் ஊசி துளையில் தளர்ந்து ஆடுகிறதா பாருங்கள். ஒட்டியிருக்கும்போதே சுவிட்சை நெம்பினால் போர்டின் செப்பு வளையம் பிய்ந்துவிடும். ஓர் ஊசிக்கு மூன்று நான்கு நொடிக்குமேல் சூடு வேண்டாம்.

லூப், அதாவது உராய்வைக் குறைக்கும் கிரீஸோ எண்ணெயோ, போடுவதால் என்ன பயன்? எப்படிப் போடுவது?

தண்டும் கூடும் உரசும் கரகரப்பு, ஸ்பிரிங்கின் கிணுகிணுப்பு இரண்டும் குறையும், ஒலி தடிக்கும். இப்போது நிறைய சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே நன்றாக லூப் செய்யப்பட்டு வருகின்றன. முதலில் இரண்டைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே மெல்லிய படலம் இருந்தால் இந்த வேலையை விட்டுவிடலாம்.

லீனியருக்கு கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸ், டாக்டைலுக்கு அதைவிட இலேசான ட்ரைபோசிஸ் 3203 அல்லது 3204, ஸ்பிரிங்குக்கு கிரைடாக்ஸ் 105 எண்ணெய். 5 கிராம் டப்பா ஒரு முழு கீபோர்டுக்குத் தாராளம். 0 அல்லது 00 அளவுத் தூரிகை வேண்டும்.

சுவிட்ச் திறப்பானால் கூட்டைத் திறந்து பாகங்களைத் தனித்தனித் தட்டில் வையுங்கள். தூரிகையில் எடுத்த கிரீஸை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, கீழ்க் கூட்டில் தண்டு சறுக்கும் இரண்டு தடங்களில் மெல்லப் பூசுங்கள். பிறகு தண்டின் பக்கச் சுவர்கள். ஸ்பிரிங்குகளை மொத்தமாக ஒரு ஜிப் பையில் போட்டு, 105 எண்ணெய் சில சொட்டு விட்டு, காற்று நிறைத்துக் குலுக்கினால் போதும். பூசிய இடம் ஈரமாகப் பளபளக்க வேண்டும். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அதிகம்.

டாக்டைலில் தண்டின் கால்களைத் தொடாதீர்கள். மேட்டில் கிரீஸ் பட்டால் தடுக்கல் கரைந்து லீனியர் ஆகிவிடும். எந்த வகையிலும் தகடுகள் சந்திக்கும் இடத்தில் கிரீஸ் கூடாது. எழுத்து விட்டு விட்டு விழும். கிளிக்கி சுவிட்சுக்கு ஸ்பிரிங் எண்ணெய் மட்டும் போதும். அளவு மிஞ்சினால் விசை மேலே ஏறத் தாமதிக்கும். அப்படி ஆன பாகங்களை ஐசோபுரொப்பைலில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சுவிட்ச் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஸ்பேஸ்பார் மட்டும் கலகலக்கிறது?

அது ஸ்டெபிலைசர். நீள விசைகளின் இரு முனைகளும் ஒன்றாக இறங்க வைக்கும் கம்பி. கம்பியை எடுத்து ஒரு கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனை தூக்கினால் கையால் வளைத்து நேராக்குங்கள். கம்பியின் முனைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸை இதில் மட்டும் தாராளமாகப் போடலாம்.

டீ கொட்டிவிட்டது. என்ன செய்ய?

உடனே கேபிளைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். கீகேப்புகளைக் கழற்றுங்கள். ஹாட்-ஸ்வாப் என்றால் நனைந்த பகுதிச் சுவிட்சுகளையும் எடுத்துவிடுங்கள். பால், சர்க்கரை கலந்த திரவம் காய்ந்தால் தண்டு ஒட்டும், தகட்டில் படலம் வரும். எனவே காயவிடுவது மட்டும் போதாது. போர்டை ஆல்கஹாலால் துடைத்து, சுவிட்சுகளை ஆல்கஹாலில் அலசி, மின்விசிறியின் கீழ் 24 முதல் 48 மணிநேரம் உலர்த்தி, அதன்பின் இணையுங்கள். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் கீகேப்பும் சுவிட்ச் கூடும் வளையும். மெம்பரேனில் திரவம் தாள்களுக்கு நடுவே போனால் தாள்களைப் பிரித்துத் துடைக்க வேண்டும். கடத்தும் கோடு கரைந்திருந்தால் புதிது வாங்குவதே மலிவு.

தமிழில் நிறையத் தட்டச்சு செய்பவர்களுக்கு எது பொருந்தும்?

தமிழ்99-இல் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. க்க, த்த, ப்ப, ட்ட, ல்ல என்று ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுவது மிக அதிகம். ஆகவே விடுபடும் இடம் பதிவாகும் இடத்துக்கு அருகில் இருக்கும் சுவிட்சே வசதி: நடுத்தர எடை லீனியர், அல்லது மேடு பயணத்தின் தொடக்கத்திலேயே வரும் டாக்டைல். 45 முதல் 55 கிராம்வரை பெரும்பாலோருக்குப் போதும். கிளிக் வேண்டும் என்பவர்கள் வளைய முறையை விட்டு, கம்பி முறைக்குப் போகலாம். புள்ளி எஃப் விசையில், இடக்கை ஆள்காட்டி விரல் ஓயும் இடத்தில் இருப்பதால், 35 கிராம் போன்ற மிக இலேசான ஸ்பிரிங்கில் தேவையற்ற புள்ளிகள் விழும். ஆள்காட்டி விரல் கனமானவர்கள் அந்த ஒரு விசைக்கு மட்டும் கூடுதல் எடைச் சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம். ஹாட்-ஸ்வாப் போர்டில் அது ஒரு நிமிட வேலை.

5 கோடி, 10 கோடி அழுத்தம் தாங்கும் என்பது உண்மையா?

ஆய்வகத்தில் எந்திரம் நேராக அழுத்தும் கணக்கு அது. ஒரே விசையை நாளுக்கு 5,000 முறை அழுத்தினாலும் 5 கோடியை எட்ட 27 ஆண்டு ஆகும். நடைமுறையில் சுவிட்ச் தேய்ந்து போவதற்கு வெகுமுன்பே தூசும் ஈரமும் திரவமும் அதைக் கெடுக்கின்றன. 5 கோடியா 10 கோடியா என்று பார்த்து விலை கொடுக்க வேண்டாம். ஹாட்-ஸ்வாப் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹால் எஃபெக்ட் போர்டில் வழக்கமான எம்எக்ஸ் சுவிட்ச் போடலாமா?

முடியாது, அதில் காந்தம் இல்லை, போர்டில் ஊசிக்கான சாக்கெட்டும் இல்லை. இரண்டையும் ஏற்கும் போர்டுகள் சில உண்டு, விவரக்குறிப்பில் அப்படியே எழுதியிருப்பார்கள். ஒரு காந்தச் சுவிட்சுக்குப் பதில் இன்னொரு காந்தச் சுவிட்ச் போடுவதாக இருந்தாலும் காந்தத்தின் துருவத் திசை, பலம், பயணத்தூரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். துருவம் மாறினால் அழுத்தும்போது உணரி எதிர்த்திசையில் அளக்கும். எந்த அளவுத்திருத்தமும் அதைச் சரிசெய்யாமல் போகலாம். போர்டு நிறுவனம் தரும் பொருந்தும் பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.